குரல் எடுத்துவரப் போன இடம்

மான்செஸ்டரில் என்னை அழைத்துப்போக வந்த முனிரத்தினம் முதலில் செய்த காரியம், தான் போட்டிருந்த கம்பளிக் கோட்டைக் கழற்றி என் கோட்டுக்கு மேல் மாட்டிவிட்டதுதான். இரண்டுக்குமாகப் பதினொரு பொத்தான்கள். அத்தனையும் போட்ட பிறகும் குளிர் முழங்காலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. அது எழுபத்தாறாம் வருஷம், மாசி மாதம். திருத்தணியில் அந்நேரம் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். வெயில் ஏறினாலும் நான் புலம்புகிறவன்தான் என்று என் மனைவி கன்னியம்மா சொல்வாள்.

எந்த வழியாகப் போனேன், எங்கே விமானம் மாறினேன் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. உல்லாசமாகப் போகிறவர்கள் எழுதட்டும். நான் போன காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

என் மகன் தணிகாசலம் மான்செஸ்டரை அடுத்த ஒரு சிறிய ஊரில் துணி மில்லில் வேலை பார்த்தான். முந்தின டிசம்பரில், பனி உறைந்த சாலையில் சறுக்கி வந்த லாரி ஒன்று அவனை அடித்துப் போட்டுவிட்டது. தகனத்தை அங்கேயே முடித்து, அஸ்தியை ஊருக்குக் கொண்டுவந்தவன் முனிரத்தினம். அவன் பொதட்டூர்பேட்டைப் பையன். கன்னியம்மாவின் பிறந்த வீட்டுக்கு எதிர்வீடு. தணிகாசலத்தோடு ஒரே மில், ஒரே அறை.

அஸ்தி கரைத்துவிட்டுத் திரும்பிப் புறப்படும் சமயத்தில் முனிரத்தினம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னான். ஐப்பசி வாக்கில் அவர்கள் இருவரும் ஒரு கச்சேரிக்குப் போனார்களாம். வெள்ளைக்காரப் பையன்களின் ராக் கோஷ்டி. சின்னச் சின்னப் பாட்டாகப் பாடாமல், ஒரே பாட்டை இருபது நிமிஷம் இழுத்து, அதற்குள் பத்துவிதமாகத் தாளம் மாற்றுகிறவர்கள். அன்றைய கச்சேரியை ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டாகப் போடப்போவதாக மேடையிலேயே சொன்னார்கள். அதில் ஒரு பாட்டு முடிந்து மண்டபமே மூச்சடக்கி இருந்த நேரத்தில், தணிகாசலம் வாய்விட்டுக் கத்திவிட்டான். அந்தச் சத்தம் தட்டில் இருக்கும் என்றான் முனிரத்தினம்.

கன்னியம்மா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், திரும்பினாள். மகன் சீமைக்குப் போய் ஐந்து வருஷம். நடுவில் ஒருமுறைகூட வரவில்லை. டெலிபோன் எங்கள் தெருவிலேயே இல்லை. சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: “மூஞ்சி இருக்குது, போட்டோல பாத்துக்கலாம். கொரலுதான் நழுவிகினே போவுது.”

மில்காரர்கள் சில காகிதங்களில் கையெழுத்துப் போடக் குடும்பத்தில் ஒருவர் வரவேண்டும் என்று கூப்பிட்டபோது, நான் போவதா வேண்டாமா என்று பத்து காரணம் யோசித்தேன். அவள் யோசிக்கவில்லை. “அவன் சட்ட துணி ஒண்ணும் வாணாம். அந்தக் கொரல மட்டும் எட்த்துகினு வந்துடுங்க” என்றாள்.

இப்படித்தான் அறுபத்தாறு வயதில் நான் சீமைக்குப் போனேன்.

அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரி ஒரு விதவை அம்மாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்த ஊர் இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை. நான் படித்த இங்கிலீஷ் வேறு. பிறகு உணவு வைத்தார். உருளைக்கிழங்கு. அடுத்த வேளையும் உருளைக்கிழங்கு. வேகவைத்தது, மசித்தது, பொரித்தது, மாவுக்குள் வைத்து மூடியது என்று அந்த வீட்டில் நான் கண்ட உருளைக்கிழங்கு வகை மட்டும் ஆறு. ஒன்றிலும் உப்பு இல்லை, எல்லாவற்றிலும் வெண்ணெய் இருந்தது. முனிரத்தினம் ஒரு டப்பாவில் மிளகாய்ப்பொடி வைத்திருந்தான். அதே டப்பாவைத்தான் தணிகாசலமும் உபயோகித்தானாம். அந்த வீட்டுக்கார அம்மாள் டப்பாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். பொடியின் நெடியா வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை.

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் முனிரத்தினம் படுத்தான், மற்றதில் என்னைப் படுக்கச் சொன்னான். மெத்தை நடுவில் பள்ளமாக இருந்தது. என் உடம்புக்கு அந்தப் பள்ளம் பெரிது. நான் ஓரத்திலேயே ஒண்டிக்கொண்டேன்.

மில்லுக்குப் போகிற அன்று முனிரத்தினத்துக்குக் காலை ஷிப்ட். நான் தனியாக வந்து சேருவதாகச் சொல்லி, பஸ் நிறுத்தத்தில் ஒழுங்காக நின்றேன். ஒரு பஸ் போயிற்று. இன்னொன்று போயிற்று. மூன்றாவதில் ஓட்டுநர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மழை வேறு, மழை என்றும் சொல்ல முடியாது, யாரோ நம் மேல் ஈரத்துணியை உதறுகிற மாதிரி. கடைசியில் மில்வரை நடந்தேன். முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டான்.

“மாமா, இங்க கையக் காட்னாதான் பஸ்ஸு நிக்கும்.”

“முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“ஆர்.கே.பேட்ட பஸ்ஸுல வளந்தவரு நீங்க. கையக் காட்னா நிக்காம போறதுதான் பஸ்ஸுன்னு நெனச்சிகினு இருப்பீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றான். அன்றைக்கு நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் புருஷன் பெண்டாட்டியே பேசுவார்கள். அதனாலேயே அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் உரக்கப் பேசுவார்கள். இங்கே ஒரே கொட்டகையில் தறிகள். ஒரு வரிசை எண்ணிவிட்டு எத்தனை வரிசை என்று பெருக்கினேன்; இருநூறைத் தாண்டியது. பாதி ஓடவில்லை. ஓடின பாதியே தரையை நடுங்க வைத்தது. ஆனால் ஒருவரும் கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், எதிரே இருப்பவர் தலையாட்டினார். கொட்டகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி இந்தப் பக்கத்துக் கிழவியிடம் சத்தமே இல்லாமல் ஏதோ கதை சொன்னாள், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். உதட்டைப் பார்த்தே பேசுகிற வழக்கமாம், தலைமுறையாக அப்படித்தானாம்.

இது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்க வேண்டும். அரக்கோணத்தில் பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் இன்ஜின் விசிலுக்குப் பக்கத்தில் மூட்டை எண்ணியவன் நான். வலது காது போய்விட்டது. இடது காதில் தடித்த சத்தங்கள் விழும். மெல்லிய சத்தம், கூர்மையான சத்தம் விழாது. ஆனால் அந்த ஊர் உதடுகளையும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் மேஸ்திரி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நரைத்த மீசைக்காரர். நான் கேட்கும்படி குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “நல்ல பையன். ஐந்து வருஷம் என் கொட்டகையில் இருந்தான். ஒன்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். அவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உதட்டைத்தான் தெரியும்.”

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினேன்.

இசைத்தட்டு அந்த வாரக் கடைசியில்தான் கடைக்கு வந்தது. முனிரத்தினத்தோடு போனேன். கடை முழுவதும் இடுப்புவரை முடி வளர்த்த பையன்கள். நம் ஊரில் வேண்டுதலுக்கு வளர்ப்பார்கள், மொட்டை போட்டதும் தீர்ந்தது. இவர்களுக்கு என்ன வேண்டுதலோ தெரியவில்லை. ஒரு பையன் இன்னொருவனிடம், அந்தக் கச்சேரிக்குத் தானும் போயிருந்ததாகவும், கைதட்டலில் தன் கையும் இருப்பதாகவும் பெருமையடித்துக்கொண்டிருந்தான். முனிரத்தினம் மொழிபெயர்த்துச் சொன்னான். அந்தப் பையன் முகத்தை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். உயிரோடு இருந்தான், பருக்கள் இருந்தன.

உறை புத்தகம் மாதிரி விரிந்தது. கோதுமை வயலில் ஒரு திமிங்கலம் கிடக்கிற படம். உள்ளே இரண்டு தட்டு, நான்கு பக்கம். மொத்தப் பாட்டே ஆறுதான். மூன்றாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு.

அறைக்கு வந்து அந்த மூன்றாம் பக்கத்தைப் போட்டான். நான் நாற்காலியை ஒலிபெருக்கிப் பெட்டியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். முதலில் மூங்கிலில் காற்று போகிற மாதிரி ஒன்று, அதன் பிறகு மேளம். என்ன தாளம் என்று தொடையில் எண்ணினேன். ஏழு. சரி என்று தட்டிக்கொண்டிருந்தபோதே ஐந்தாயிற்று. ஐந்தைப் பிடிப்பதற்குள் பதினொன்று. கணக்குப் போடத் தெரிந்த பையன்கள்தான். ஆனால் சந்தோஷமான இசை இல்லை. ஆர்மோனியம் மாதிரி ஒரு பெரிய வாத்தியம் மேலே மேலே ஏறிக்கொண்டே போய், ஏறுவதற்கு இடமில்லாமல் அழுதது.

தணிகாசலம் ஏன் கத்தினான் என்று முனிரத்தினம் அப்போதுதான் விளக்கினான். அந்த இடத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்களாம். மண்டபம் இருட்டு. அந்த வாத்தியம் ஏறி ஏறி நின்றதும், மேடையில் ஆள் உயரத் தாம்பாளம் போல் தொங்கின வெண்கலத்தை ஒருவன் ஓங்கி அடித்தான். அதே நொடியில் நடுவிலிருந்து பளீரென்று வெளிச்சம்.

“தெர வெலகுற மாதிரியே இருந்துச்சி மாமா. மணியும் அடிச்சி தீபாராதனையும் காட்னா வாய் சும்மா இருக்குமா? அவன் யோசிக்கவே இல்ல. ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கிட்டான். ‘தணிகமல முருகனுக்கு’ன்னு கத்திட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. ஒருத்தரும் பதிலு சொல்லல. எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நான் சொல்லியிருக்கணும். வெக்கமாப் போச்சி, குனிஞ்சி ஷூ லேச கட்டிகினேன்.”

மலைக்குப் போகிற யாருக்கும் தெரியும். ஒருவர் அப்படிக் கூப்பிட்டால், கேட்டவர்கள் ‘அரோகரா’ சொல்லியாக வேண்டும். முன்பின் தெரியாதவராக இருந்தாலும், சண்டைக்காரராக இருந்தாலும் சொல்வார்கள். கூப்பிட்டவனை அந்தரத்தில் விடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

வெண்கலம் அடிக்கிற சத்தம் வந்தது. அது எனக்கு நன்றாகவே கேட்டது, மார்பிலேயே விழுந்தது. முனிரத்தினம் விரலை உயர்த்தினான். “இதோ” என்றான். அவன் முகம் கோணியது.

எனக்கு மணலைச் சலிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. பிறகு கைதட்டல்.

ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தான். சத்தத்தைக் கூட்டினான். இடது காதைப் பெட்டியின் துணிமேல் வைத்தேன். மணல். மறுபடியும் வைத்தான். மணல். கீழேயிருந்து அந்த அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். கேட்கவில்லை என்று முனிரத்தினத்திடம் சொன்னேன். “இருக்குது மாமா, தெளிவா இருக்குது” என்று சத்தியம் செய்தான்.

நல்ல பையன்தான். அதுதான் எனக்குக் கவலை. நல்ல பையன்கள் இல்லாததை இருக்கிறது என்று சொல்வார்கள். ஊருக்கு வந்து ஒரு கிழவியின் முகத்தைப் பார்த்து வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டு, இப்போது அதை நிஜமாக்க முயல்கிறானோ என்று தோன்றியது. திரும்பி வருகிற வழியெல்லாம் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை இரண்டு முறை உடம்புக்கு என்ன என்று கேட்டார். மெட்ராஸில் சுங்கக்காரர் உறையைப் பிரித்துத் திமிங்கலத்தைப் பார்த்துவிட்டு, “பெரியவரே, இதெல்லாம் நீங்க கேக்குற பாட்டா?” என்றார். ஆமாம் என்றேன்.

கன்னியம்மா வாசலில் நின்றிருந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை. “கெடச்சுதா?” என்றாள். கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். நீங்கள் கேட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திருத்தணியில் அந்தத் தட்டைப் போடக்கூடிய இயந்திரம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மலையடிவாரத்தில், குளக்கரைக்கு எதிரே ஏகாம்பரத்தின் மைக் செட் கடை. கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் பாட்டுப் போடுகிறவன். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

“ஓடும். ஐயரே இல்லாத ஊர்ல நான்தான் ஐயரு” என்று சிரித்தவன், விஷயம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினான். “ஆனா ரெண்டு சங்கதிங்க. என் ஊசி முரட்டு ஊசி. இந்த மாதிரி சன்னமான தட்ட உழுதுடும். ரெண்டு வாட்டி போட்டா மூணாவது வாட்டிக்கு இன்னா மிச்சமிருக்கும்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, பொட்டி ஸ்பீக்கர் ரிப்பேருக்குப் போயிருக்குது. கொழா ஸ்பீக்கர்தான். ஊருக்கே கேக்கும்.”

வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன் நான். ஊர் நடுவே ஒலிபெருக்கியில் வெறும் மணல் சத்தம் வந்து, அவள் அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

“ஊரு கேட்டா கேக்கட்டும். போடுப்பா” என்றாள் கன்னியம்மா.

வாடகைக்கு விடுகிற மடக்கு நாற்காலி ஒன்றை விரித்து அவளை உட்கார வைத்தான். குழாய் ஸ்பீக்கர் கடைக்கு வெளியே வேப்பமரத்தில் குளத்தைப் பார்த்துக் கட்டியிருந்தது. விசேஷ நாள் இல்லை. கூட்டமும் அதிகமில்லை. கனகம்மாசத்திரம் பக்கமிருந்து ஒரு வேனில் வந்தவர்கள் குளக்கரையில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெலுங்கு பேசினார்கள். மொட்டை முடிந்த தலைகள் ஏழு, பாக்கி நான்கு.

ஏகாம்பரம் மூன்றாம் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து போட்டான். நடுவில் ஊசி வைத்தால் கீறிவிடும் என்றான். ஆகவே ஊர் முழுப்பாட்டையும் கேட்டது. டீக்கடையில் ஒருவர் ரயில் தடம் புரண்டுவிட்டதா என்று விசாரித்தார். பூக்காரி காதில் விரலை வைத்துக்கொண்டாள். நாவிதர் ஒருவர் கத்தியை எடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

“யோவ் ஏகாம்பரம், இன்னாய்யா இது? டின்னு டின்னா உருட்டிகினு இருக்கான். கை நடுங்குது, தல அறுந்துடும்.”

“கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ. இவங்க புள்ள இருக்குது இதுல.”

நாவிதர் கன்னியம்மாவைப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பாதியில் விட்ட தலைக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஏழு, ஐந்து, பதினொன்று. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். வாத்தியம் ஏறிற்று. குழாயில் அது பன்றி கத்துகிற மாதிரி இருந்தது. ஏறி, நின்றது. வெண்கலம் அடித்தது.

எனக்கு மணல்தான் கேட்டது. இந்தமுறை குழாயிலிருந்து, இன்னும் கரகரப்பாக.

அப்போது குளக்கரையில், ஒரு பக்கம் மழித்து ஒரு பக்கம் முடியோடு இருந்த ஆள், நாவிதரின் கத்திக்குக் கீழேயிருந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். “அரோகரா” என்றார். மொட்டைத் தலைகள் ஏழும் சொல்லின. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். பூக்காரி காதிலிருந்து விரலை எடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். அது எனக்குக் கேட்டது. அத்தனை பேர் சேர்ந்து சொன்னதால் நன்றாகவே கேட்டது.

முனிரத்தினம் பொய் சொல்லவில்லை.

தட்டில் கைதட்டல் ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் ஊசியைத் தூக்கினான். குளக்கரைக்காரர்கள் தங்கள் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். யாருக்குப் பதில் சொன்னோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

கன்னியம்மா அழவில்லை. “தொண்ட கட்டிகினு இருக்குது அவனுக்கு” என்றாள். “சளி. ‘முருகனுக்கு’ன்னு சொல்லசொல்ல ஒடையுது பாருங்க.”

நான் பார்த்தேன். அவள் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது.

ஏகாம்பரம் இன்னொரு தரம் போடவா என்று கேட்டான். கன்னியம்மா தட்டைத் திரும்ப வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டாள். இன்னொரு தரத்தைப் பிறகு என்றைக்காவது வேண்டும்போது வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தெருவில் நின்று, என் இடது காதருகே கையைக் குவித்து, மகன் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டுக் காட்டினாள், தொண்டையைக் கட்டிக்கொண்டு. அது அவள் குரலாகத்தான் இருந்தது. சளி மட்டும் புரிந்தது.

வீடு வரும்வரை எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. ஐப்பசியிலேயே அந்த ஊரில் ஈரக்காற்று தொடங்கிவிடும். கச்சேரி முடிந்து பஸ்ஸுக்காக வெளியே நின்றிருப்பான். அன்றைக்கு அவன் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தானா என்று முனிரத்தினத்திடம் கேட்காமல் வந்துவிட்டேன்.